நான்கு கிணறுகளுக்கு ஒரு ஃபியூஸ் கட்டை

அவைத் தலைவர் சங்கரி அம்மையார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பூங்கேணி விவசாயப் பெருமக்களே, மாமல்லபுரத்திலிருந்து வந்திருக்கும் மீனவத் தோழர்களே! எங்கள் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் தர்மராஜ் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். சங்கத்தின் செயலாளராகிய நான், புகழுரைக்கு முன் மூன்று குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்கிறேன்.

1. 2025 மார்ச் 12: கடற்கரைச் சொகுசு விடுதியின் ஐந்து ஆழ்துளைக் கிணறுகள் இயங்க, எங்கள் ஆட்சேபத்தை விசாரிக்கும் முன்பே அனுமதி தரப்பட்டது.

2. ஜூலை 3: விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை.

3. அக்டோபர் 16: காலை முதல் காக்கவைத்துவிட்டு, மாலையில் மீண்டும் ஒத்திவைத்தார்கள். செங்கல்பட்டில், அந்த அனுமதியைத் தந்த அலுவலகத்தின் தாழ்வாரத்துப் பெஞ்சிலேயே தலைவரின் இதயம் நின்றது.

அந்த அலுவலகத்தின் பிரதிநிதி முன்வரிசையில் இருக்கிறார். வருக, ஐயா. இறுதிவரை இருந்து கேளுங்கள்.

யார் இந்தத் தர்மராஜ்? பிறவித் தியாகியா? இல்லை! மூன்று டேங்கர் லாரிகளுக்குச் சொந்தக்காரர். பயிருக்கென்று அரசு தந்த இலவச மின்சாரத்தில் நீரை உறிஞ்சி, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு விற்றவர். அவரைப் பார்த்து ஊரே விற்றது. மின்சாரத்துக்கு விலை இல்லை. ஆகவே தண்ணீருக்கும் முடிவில்லை என்று நம்பினோம். நீர் உப்புக் கரித்தபோது என்ன செய்தோம்? இன்னும் ஆழமாகத் துளைத்தோம்! கடல்நீரை நாமே கைபிடித்து ஊருக்குள் அழைத்து வந்தோம்!

ஒருநாள் தலைவர் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினார். அவருடைய மைத்துனர் கலையரசன் எழுந்தார்.

"இன்னா மச்சான், மூணு லாரி ஓட்டி டப்பு பார்த்துட்டு, இப்ப எங்க மோட்டார நிறுத்தச் சொல்றியா?"

"மொதல்ல உறிஞ்சவன் நான்தான். அதான் மொதல்ல புடுங்கிகினு வந்துகீறேன்" என்று சொல்லி, தம் மோட்டாரின் ஃபியூஸ் கட்டையை மேசைமேல் வைத்தார் தலைவர்.

"அப்ப நாஸ்தாவுக்கு இன்னா பண்றது?"

"எங்க வூட்டுக்கு வா. டீ மட்டும் கேக்காத. இந்தத் தண்ணில பால் திரிஞ்சி பூடுது!"

சிரித்த அந்தக் கூட்டம்தான் கலையும் முன் ஒரு சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு நான்கு கிணறுகளுக்கும் ஒரே ஃபியூஸ் கட்டை! யாருடைய முறையோ, அவர் கையில் கட்டை. பயிருக்கு இறைத்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். லாரிக்கு ஒரு சொட்டும் கிடையாது. பொருளாதாரப் பேராசிரியனாகிய நான் சொல்கிறேன்: விலை கட்டுப்படுத்தாததை, பக்கத்து வயல்காரரின் கண் கட்டுப்படுத்தியது!

இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. ஒரு காலையில் நம்மூர் வேண்டா அம்மாள் கையில் பால் பாத்திரத்தோடு தெருவில் ஓடி வந்தாரே, நினைவிருக்கிறதா?

"தலைவரே! திரியல! பால் திரியல!"

அன்று ஊரே குடித்ததே, அந்தத் தேநீருக்கு ஈடான விருந்து எது! உள்ளே வந்த கடலைத் திருப்பி அனுப்பிய ஊர் இது! அனுப்பிவைத்த மனிதர் தர்மராஜ்!

இன்று? விடுதியின் ஐந்து குழாய்களும் இரவு பகலாக இறைக்கின்றன. தலைவரின் துணைவியார் ரேணுகா அவர்களின் கிணறு மீண்டும் கரிக்கிறது. எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு வரி வருவாய் என்றெல்லாம் உங்கள் அனுமதி ஆணை கணக்கிடுகிறது. எங்கள் கிணற்றை எந்த வரியில் சேர்த்தீர்கள்?

பிரதிநிதி ஐயா, உங்கள் மலர்வளையத்தைப் பெற்றுக்கொண்டோம். ஆறுதல் போதும். விசாரணைக்கு முன்பே அனுமதி தந்தது எந்த விதியின்படி? விசாரணை முடியும்வரை அந்தக் குழாய்களை மூடுவீர்களா, மாட்டீர்களா? இரண்டு கேள்விகளுக்கும் நவம்பர் 28, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், அதிகாரியின் கையொப்பத்தோடு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்வது பதிலாகாது.

தலைவர் இறந்துவிட்டார், யாருக்கு அனுப்புவது என்ற குழப்பம் வேண்டாம். இன்று காலை சங்கம் ஒருமனதாக முடிவு செய்துவிட்டது. உறையின்மேல் எழுத வேண்டிய பெயர்: ரேணுகா தர்மராஜ், தலைவர்.