வளைவில் கை காட்டியது நான்

பூவாயி, வயது 46, கணவர் பெயர் சின்னத்தம்பி, எஸ்டேட் லைன் வீடு, ஏற்காடு. 13.01.2025 அன்று காலை காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு காபிப் பழம் பறிக்கும் வேலை செய்து வருகிறேன். 11.01.2025 சனிக்கிழமை மாலை சுமார் நாலரை மணிக்கு, பறித்த பழத்தைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, சேர்வராயன் கோயில் போகும் ரோட்டில் எடை போடும் இடத்திற்கு மேலேறி நடந்து போனேன். பொங்கல் லீவுக்கு வந்த வண்டிகள் அன்று அதிகம். மஞ்சு இறங்கி ரோடு மங்கலாகத் தெரிந்தது. என்னோடு வேலை செய்யும் கனகா தன் மூட்டையை முன்னதாகவே கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீதி மூட்டையை எடுக்கத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார்.

வளைவுக்கு முன்பாக ஒரு வெள்ளைக் கார் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. எனக்கு இடது பக்கம் பள்ளம், ரோட்டுக்கு மறுபக்கம் பாறை. எங்கே ஒதுங்குவது என்று அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும். பிறகு காரின் முன்பக்கம் என் சேலையில் உரசியது. டிரைவர் தலையை நீட்டி, "ஏய், நகரும்மா, ஏத்திப்புட்டுப் போயிருவேன்" என்றார். அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வழக்கம் என்னவென்றால், வளைவில் சுமையோடு நிற்பவர் மூட்டையை இறக்கி வைத்து, முனைக்குப் போய் எதிரே பார்த்துவிட்டு, ஆள் வண்டி இல்லை என்றால் மட்டும் கை காட்டுவோம். பஸ்காரர்களும் ஜீப்காரர்களும் எங்கள் கையை நம்பித்தான் திரும்புவார்கள். தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாது. அன்று நான் மூட்டையை இறக்கவில்லை. குனிந்தால் மேலே ஏற்றிவிடுவான் என்று பயந்தேன். தொலைந்து போகட்டும் என்று, எதிரே பார்க்காமலேயே வலது கையை வீசிப் போகச் சொன்னேன்.

அதன் பிறகு கார் வலது பக்கமாக ஏறி வளைவை ஒடித்துத் திரும்பியது. "ஐயோ சாமி" என்று கனகாவின் சத்தம் கேட்டது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் பார்த்தேன். அவர் பாறையோரமாகக் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கார் நிற்கவில்லை. அதன் பிறகு அவ்வழியே வந்த ஜீப்பில் ஏற்றி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடி நடப்பாரா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

நேற்று காரைப் பிடித்துவிட்டதாகவும், ஒரு பொம்பளை கை காட்டியதால்தான் போனதாக டிரைவர் சொல்வதாகவும் தெரிந்தது. எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ராஜ்குமார் என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, கை காட்டினத மட்டும் வாயத் தொறந்து சொல்லிராதீங்க. அவன் தப்பிச்சுக்குவானுங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்னை மிரட்டி, தவறான பக்கத்தில் ஏறி, அடித்துவிட்டு நிற்காமல் போனது அந்த டிரைவர்தான். ஆனால் கை காட்டியது நான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கனகாவின் வீட்டுக்காரர் சென்றாயன் எனக்குத் துணையாக வந்து, இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வரும் வழியில், "அக்கா, நீங்க பக்கத்துல இருந்ததாலதானுங்க அவ உசுரோட இருக்கா. நொம்பப் புண்ணியமுங்க" என்று அழுதார். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. காருக்கு முன்னால் நின்றபோது பயந்ததைவிட, இங்கிருந்து எழுந்து அவர் முன்னால் போக இப்போது அதிகமாகப் பயப்படுகிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(பூவாயி இடது பெருவிரல் ரேகை)