பலகையில் ஒரு ஜோடி

விளக்கை அணைத்தால்தான் பேய்க் கதை களைகட்டும் என்று யாரும் எழுந்திருக்க வேண்டாம். அந்த வாசல் விளக்கு எரியட்டும். ஏன் என்று கதை முடிந்ததும் நீங்களே சொல்வீர்கள். ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்...

மணி பன்னிரண்டரை. ராத்திரி என்று நினைத்துவிட்டீர்களா? இல்லை... பட்டப்பகல். கோடை வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடலை ஒட்டி ஒரு தார்ச்சாலை. இரண்டு பக்கமும் மணல், முள்செடி. வீடு கிடையாது, கடை கிடையாது, எதிரே ஒரு வண்டி கிடையாது. அந்தச் சாலையில் தன்னந்தனியாக ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் என் நண்பன் ஒருவனுடைய பெரியப்பா மகன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாமும் கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

இவர் எதையும் திட்டம் போடாமல் செய்கிற ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம் என்றாலும் முந்தின நாளே போய், வண்டியை எங்கே நிறுத்தலாம், சாப்பாடு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் கோடை விடுமுறைக்குக் கடலில் மீன் பிடிக்கப் போவதாக முடிவு செய்தால் வீடு என்ன பாடுபடும்? எந்நேரமும் தூண்டில் பேச்சுதான். கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் புதுத் தூண்டில் கம்பைக் காட்டினார். வரைபடத்தில் பார்த்து ஓர் ஒதுக்குப்புறத் துறைமுகத்தையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். கூட்டம் வராத இடம். பெரிய மீன் கிடைக்கிற இடம்.

உடன் போகப்போவது மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவன் தவழ்கிற வயதிலேயே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காதான் தூக்கி வளர்த்தாள். இப்போது லாரி ஷெட்டில் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறான். அக்காவுக்கு மட்டும் இன்னும் இடுப்புக் குழந்தை. அவன் பார்வை மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது அக்காவா அலமாரியா என்று தெரியாது. விளக்கு எரிந்தால் வெளிச்சம் மட்டும் புகை மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஒரு முறை ஆற்றில் குதித்து, கண்ணாடியை ஆற்றோடு விட்டுவிட்டு வந்து நின்றான். அன்றைக்கு மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, குளமோ படகோ, தண்ணீரில் கால் வைக்கிறான் என்றால் முதல் வேலையாகக் கண்ணாடியை மடித்து ஷூவுக்குள் வைத்துவிடுவான்.

புறப்படுவதற்கு முன் மனைவி கண்ணாடிக்காரரை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"என்னங்க, நீங்க போறதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. என் தம்பியைக் கூட்டிட்டுப் போகப்போறீங்க. போனவனை முழுசாக் கொண்டுவந்து என் கண்ணு முன்னால நிறுத்தணும். சொல்லிட்டேன்."

"என்னைப் பத்திக் கவலையே இல்லையா?"

"உங்களைக் கடலே வேணாம்னு திருப்பி அனுப்பிடும்."

சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை மனசில் உட்கார்ந்துகொண்டது. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் தானே ஒரு நடை போய்ப் படகையும் கடலையும் பார்த்துவிடலாம் என்றுதான் அந்த வேகாத வெயிலில் தனியாகக் கிளம்பியிருந்தார்.

சாலை ஒரு வளைவோடு முடிந்தது. துறைமுகம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்குள் நீளும் ஒரு கல்மேடை. கரையில் ஓர் ஐஸ் ரூம். படகு வாடகைக்குப் போனில் பேசித் தன் நம்பரையும் கொடுத்திருந்தது இங்கேதான். டீசல் வாசனை, மீன் வாசனை... எங்கோ ஜெனரேட்டர், டுக் டுக் டுக் டுக். படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. ஒன்று மட்டும் மேடையோரம் ஆடிக்கொண்டிருந்தது. மேடையின் நுனியில் ஒரு கம்பம், அதில் ஜெனரேட்டர் கரண்டில் ஒரு விளக்கு. அந்த உச்சி வெயிலில் அது எரிந்துகொண்டிருந்தது.

மேடை தொடங்கும் இடத்தில் ஒரு நீளப் பலகை. பலகை மேல் வரிசையாகச் செருப்புகள்.

ஐஸ் ரூமிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கையில் ஐஸ் உடைக்கிற கம்பி. கேட்காமலேயே விளக்கம் சொன்னாள்.

"படகுல ஏறுறவங்க செருப்பை இங்க விட்டுட்டுத்தான் ஏறணும் சார். திரும்பி வந்தா அவங்கவங்க செருப்பை அவங்கவங்களே போட்டுக்கிட்டுப் போகணும். அடுத்தவங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. பொழுது சாயுறப்ப நான் வந்து பாப்பேன். ஒரு ஜோடி மிச்சம் இருந்தா ஒரு ஆள் இன்னும் கடல்ல இருக்கார்னு அர்த்தம். லைட்டை அணைக்க மாட்டேன்."

"இப்ப பகல்தானே? ஏன் எரியுது?"

அவள் தாடையால் பலகையின் கோடியைக் காட்டினாள். ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் செருப்பு. தினமும் துடைத்து வைப்பாள் போலிருக்கிறது, பளபளவென்று இருந்தது.

"என் வீட்டுக்காரரோடது. ஒரு கோடையில போனார்... இன்னும் வரல."

அவள் ஐஸ் ரூமுக்குத் திரும்பிவிட்டாள்.

அவரும் தன் செருப்பைக் கழற்றிப் பலகையின் கோடியில் விட்டார். அவருடையதும் கறுப்பு ரப்பர்தான். படகில் இறங்கி, உட்காரும் பலகையை ஆட்டிப் பார்த்தார், மிதவைச் சட்டைகளை இழுத்துப் பார்த்தார், ஐஸ் பெட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று கையால் முழம் போட்டார். திருப்தி. மேலே ஏறும்போது தண்ணீரில் பட்ட வெயில் கண்ணில் அடித்து, எங்கு பார்த்தாலும் பச்சைப் பச்சையாக மிதந்தது. கால் சுட்டது. பலகைக் கோடியில் தட்டுப்பட்டதை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினார்.

பாதி வழியில் பிரேக்கை மிதித்தபோது செருப்பு வழுக்கியது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலுக்கு முன்னால் இரண்டு விரல் அகலம் சும்மா கிடந்தது. அவர் செருப்பு இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. செருப்பு உள்ளுக்குள் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. படகு உலர்ந்திருந்தது... அவர் தண்ணீரைத் தொடக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

"சார், செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க." அந்த அம்மாள் குரலில் கோபம் இல்லை. "உங்களுது இங்க இருக்கு. அவரோடது இல்ல. ராத்திரி அவர் வந்துட்டா எதைப் போட்டுப்பார்?"

கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் செருப்பு மாறாத மனிதர் உண்டா? ஆனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற இவருக்குப் போய், அந்தப் பலகையில் போய் மாற வேண்டுமா? செருப்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுத்தார்.

விடியும் நேரத்தில் ஒரு சத்தம். வாசலில்தான். சரக்... டப். சரக்... டப். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். கதவைத் திறந்தால் யாரும் இல்லை. செருப்பு மட்டும் இருந்தது. தெருவைப் பார்த்து விட்டிருந்தார்... இப்போது அது வீட்டைப் பார்த்திருந்தது.

அப்போதே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. எழுந்து நிற்க முடியவில்லை. மைத்துனனைக் கூப்பிட்டு, மீன் பிடிக்கப் போவதெல்லாம் வேண்டாம், திட்டத்தை விட்டுவிடலாம் என்றார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, செருப்பு மாறினதுக்கா டிரிப்பையே நிறுத்துறீங்க? ஊர்ல கேட்டா கைகொட்டிச் சிரிப்பாங்க. குடுங்க, நான் போய் வெச்சிட்டு உங்களுதை எடுத்துட்டு வரேன். அப்படியே போட்டையும் பாத்துட்டு வரேன்."

"போட்டுப் பக்கமே போகாதடா. அந்தச் செருப்பையும் தொடாத. காய்ச்சல் விட்டதும் நானே போறேன்."

"சரி மாமா, சரி."

அந்த 'சரி'யை நம்பித் தூங்கினார். கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கார் இல்லை. கறுப்புச் செருப்பும் இல்லை.

மைத்துனன் கைபேசியில் மணி அடிக்கவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. ஐஸ் ரூம் லேண்ட்லைனுக்குப் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மனைவி கஞ்சியோடு வந்து நின்றாள். கஞ்சி ஆறுகிற வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகலில்தான் போனை எடுத்தார்கள்.

"வந்தார் சார். செருப்பைப் பலகையில வெச்சதை என் கண்ணால பாத்தேன். அப்புறம் நான் உள்ள ஐஸ் உடைச்சிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு வண்டி கிளம்புற சத்தம் கேட்டுது. போயிட்டார்."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியைக் கூப்பிட்டு, "கிளம்பிட்டானாம்" என்றார். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்து, தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் கார் வந்தது. கதவு சாத்தும் சத்தம். மனைவி ஓடினாள்.

"ஏன்டா, சொல்லிட்டுப் போக வாய் இல்லையா உனக்கு? டேய்... செருப்பைக் கழட்டிட்டு வாடா. வீடெல்லாம் ஈரமாயிடும்."

கழற்றவில்லை. அப்படியே உள்ளே வந்தான். அதே சட்டை, அதே முகம், காலையில் சீவின அதே தலை. முகத்தில் என்னவோ ஒன்று குறைகிற மாதிரி கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. இன்னதென்று பிடிபடவில்லை. காலைப் பார்த்தார். கறுப்பு ரப்பர் செருப்பு. பலகையில் வைத்ததாக அந்த அம்மாள் சொன்னாளே...

"ஏன்டா, மாத்தலையா?"

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய செய்தித்தாளை விரித்தான். கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துகளை ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தான். கூடம் முழுக்க உப்பு வாசனை. மனைவி குழம்பைச் சூடு பண்ணச் சமையலறைக்குப் போனாள். தம்பி வந்த நிம்மதியில் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"சார்... உங்க ஆள் வந்து சேந்துட்டாரா?"

"இப்பதான் வந்தான்."

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் மட்டும். டுக் டுக் டுக் டுக்.

"பலகையில உங்க செருப்பு இருக்கு சார். அது பக்கத்துல ஒரு ஜோடி துணி ஷூ இருக்கு. அதுக்குள்ள ஒரு மூக்குக்கண்ணாடி மடிச்சு வெச்சிருக்கு."

கண்ணாடிக்காரருக்கு அப்போது பிடிபட்டது. அந்த முகத்தில் குறைந்தது எது என்று. அவர் கையாலேயே லென்ஸ் தேய்த்து மாட்டிவிட்ட கண்ணாடி. அது இல்லாமல் அவனால் வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது. அத்தனை தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்தது யார்?

"அவரோட செருப்பை மட்டும் காணோம் சார்." அந்த அம்மாளின் குரல் இறங்கியது. அழுகை இல்லை. சின்னப் பெண் ரகசியம் கேட்கிற குரல். "ஒண்ணு கேக்கட்டுமா... வந்தவர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்குறாரா?"

கூடத்தில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம். நாற்காலி கிறீச்சிட்டது. சரக்... டப். சரக்... டப். கட்டிலை நோக்கி வந்தது.

"சார், கொஞ்சம் அவர்கிட்ட குடுங்களேன்... ஒரே நிமிஷம்."

அவர் கொடுக்கவில்லை. ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. மைத்துனன் போனைக் காதில் வைத்தான். வாயைத் திறந்தான். வந்தது மைத்துனன் குரல் இல்லை. நடுவயது தாண்டிய ஓர் ஆணின் குரல், களைத்துப்போய்...

"வந்துட்டேன். இன்னும் எதுக்கு எரியுது? லைட்டை அணைச்சிடு."

கண்ணாடிக்காரர் காய்ச்சல் உடம்போடு கட்டிலிலிருந்து பாய்ந்தார். அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, போனுக்கு எட்டுகிற மாதிரி அலறினார்.

"அம்மா, அணைக்காதீங்க! எங்க பிள்ளை இன்னும் கடல்ல இருக்கான்! அவனுக்குக் கண்ணு தெரியாது, அந்த வெளிச்சம் மட்டுந்தான் தெரியும்! அணைக்காதீங்கம்மா!"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். கையில் தட்டு.

"யார்கிட்டங்க இப்படிக் கத்துறீங்க? அவன்தான் வந்துட்டானே."

போனில் டுக் டுக் என்ற அந்தச் சத்தம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. டுக்... டுக்...

அப்புறம், டக்.