சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம்

பீமனுக்கு மூன்று வேளையாகப் பிரித்துச் சோறு போடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, டாக்டரம்மா. நான்கு வருடம் அதை நான் மீறியதில்லை. கிரேட் டேன் மாதிரி பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்காது என்று நீங்கள் சொன்னபோது கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வருடம். மில் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொண்டாமுத்தூர் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அண்ணன் மெல்போர்னில் இருக்கிறான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஐந்தாம் வருடம் அப்பா சாப்பாட்டை நிறுத்தினார். எனக்குப் புரிந்தது, அவரும் களைத்திருந்தார். அப்போதுதான் அண்ணன் அந்தக் குட்டியை வாங்கி அனுப்பினான்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பீமன் சாப்புட்டானா கண்ணு? அப்ப எனக்கும் ரெண்டு வாய் குடு" என்பார். அவரைப் பார்க்க வரும் டாக்டர் போன மாசி மாதம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த நாய் இருக்கற வரைக்கும் பெரியவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

பீமன் எத்தனை வருடம் இருப்பான் என்று உங்களிடம் போனில் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? எட்டு வருடம் என்றீர்கள். பாதிதான் முடிந்திருந்தது.

மூன்று வேளைச் சோற்றையும் காலையில் ஒரே தடவையாக வைத்தேன். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவிட்டேன். பிறகு மொபெட்டை எடுத்தேன். நான் போனால் அவன் பின்னால் ஓடி வருவான், கூப்பிடக்கூட வேண்டாம். தென்னந்தோப்பைச் சுற்றி நான்கு தடவை. முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் ஆகவில்லை. எல்லா நாய்க்கும் அப்படி ஆவதில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பதினோராம் நாள் திரும்பி வந்ததும் அவன் வாந்தி எடுக்கப் பார்த்தான். எச்சில் மட்டும் வழிந்தது. வயிறு கல்லாக இறுகியிருந்தது. நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அப்பாவின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அம்மணி, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணுனியா?"

"பண்ணிப்போட்டனுங்கப்பா. வந்துட்டே இருக்கறாங்க."

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் நம்பர் எனக்கு மனப்பாடம். நான் கூப்பிட்டது பதினோரு மணிக்கு, அவன் மூச்சு நின்ற பிறகு. நீங்கள் வந்து, ஏன் முன்பே கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

அன்றிலிருந்து அப்பா வாய் திறக்கவில்லை. தட்டைக் கொண்டு வைப்பேன், சற்று நேரம் கழித்து எடுத்துவிடுவேன். இரண்டாம் தடவை கேட்டு அவரைத் தொந்தரவு செய்யவில்லை. மூக்கில் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றேன். அண்ணனும் போனில் சரி என்றான். பத்தொன்பதாம் நாள் முடிந்தது.

அப்பாவை நான் ஒன்றும் செய்யவில்லை, டாக்டரம்மா. நாயை ஓடவிட்டேன், அவ்வளவுதான். பீமன் தலையும் என் மடியில்தான் இருந்தது, அப்பா தலையும் என் மடியில்தான் இருந்தது. கடைசி நேரத்தில் யாரையும் தனியாக விட எனக்கு மனசு வராது.