கன்னி மூலை ஜன்னல்

தெரியும் நைனா, எனக்கு எல்லாம் தெரியும். குமணன்சாவடில உங்க ஜன்னல் கடையில ஒக்காந்து, மொதலாளியாண்ட ஒண்ணு உடாம கேட்டுகினு தான் வந்தேன். ரெட்டைக் கண்ணாடி, நடுவுல இடைவெளி, உள்ள சூடு எறங்காது. மேல ஒரு பூச்சு இருந்தா வெயில அப்படியே திருப்பி அனுப்பிடும். ஓரத்துல ரப்பர் நல்லா ஒக்காந்தா ஏசி காத்து வெளிய போவாது, கரண்டு பில்லு கொறையும். சரியா? அப்பறம் இன்னா சிரிக்கிற, டேப்ப புடி.

இது என் ரூமு. வடக்கு பாத்தது, வெயிலே எட்டிப் பாக்காது. இருந்தாலும் இதுக்கு ரெட்டைக் கண்ணாடியே போடு. ஆமா, தேவையில்ல தான். உன்ன யாரு கேட்டா? இந்த வயசுல தான் சில்லுனு தூங்க ஆசை வந்துகீது.

வா, இப்டி உள்ள வா. இவரு தான் எங்க ஊட்டுக்காரரு, கஜபதி. ஆவடில ஃபேக்டரி வேலைல இருந்தாரு. பக்கவாதம். கை கால் வராது, பேச்சும் வராது. காது மட்டும் நல்லா கேக்கும். பாரு, உன்னத்தான் பாக்குறாரு. வணக்கம் சொல்லு.

இந்த ஜன்னலுக்கு ஒத்தக் கண்ணாடி. சாதா. பூச்சு கீச்சு ஒண்ணியும் வேணாம். தொறக்கவும் கூடாது, அப்படியே பிக்ஸ் பண்ணிடு.

அய்ய, எதுக்கு கத்துற? தென்மேற்கு தான். மத்தியானத்துக்கு மேல நேரா மூஞ்சில அடிக்கும். வெயில்ல நிறுத்தின கார் மாரி ரூமு கொதிக்கும், உள்ள வந்த சூடு வெளிய போவாது. அத்தத்தான் உங்க மொதலாளியாண்ட ரெண்டு தபா கேட்டு தெரிஞ்சிகினேன்.

வேற ரூமுக்கு மாத்தறதா? இன்னா பேசற நீ? ஊட்டுத் தலைவரு கன்னி மூலைல தான் படுக்கணும். இந்த காட்டுப்பாக்கத்துல யார வேணா கேளு. ஊடு கட்டசொல்ல நான் சொன்னேன், இந்தப் பக்கம் வெயிலுங்க, வடக்கால படுத்துக்கலாம்னு. பொட்டச்சி நீ எனக்கு வாஸ்து சொல்றியான்னு செவுத்தோட சேத்து அறைஞ்சாரு. கொத்தனாரு, சித்தாளுங்கோ எல்லாம் பாத்துகினு தான் இருந்தாங்கோ. இப்போ சொந்தக்காரங்க வந்தா, வனஜா புருஷன எடம் மாத்தாம வெச்சிகீறாளேன்னு மெச்சிட்டுப் போறாங்கோ. ஏசியா? அவருக்கு சில்லுப்பு ஆவாதுன்னு சொல்லி, கழட்டி என் ரூம்ல மாட்டிகினேன்.

பாவமா?

மேல மொட்டமாடி பாத்தியா? கொழம்புல உப்பு தூக்கலா போச்சுன்னா என்ன அங்க ஏத்தி கதவ சாத்திடுவாரு. அக்னி நட்சத்திரத்துல, வெறுங்கால்ல. கீழ ஃபேன் போட்டுகினு தூங்குவாரு. எழுந்து, காப்பி குடிச்சிட்டு தான் வந்து தொறப்பாரு. அப்பிடி ஒரு நாள் நின்னதுல தான் வயித்துல இருந்த புள்ள போச்சி. அதுக்கப்பறம் ஒண்ணும் தங்கல.

சரி, அத்த உடு. அளவு எடுத்துகினியா? அப்ப ஒரு கை புடி நைனா. தோ, தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுகீறேன் பாரு, வெயில் அது வரிக்கும் தான் வருது. கட்டில அந்தக் கோட்டுக்கு உள்ளாற, ஜன்னல் பக்கமா இழுக்கணும், நான் ஒருத்தியா முடியல. அய்ய, அந்தப் பக்கம் இல்ல, திருப்பு. தலமாடு ஜன்னலாண்ட வரணும்.