தூண் மேல குந்துன வூடு

– யம்மா, அந்தக் கிரேன நிறுத்தச் சொல்லு. மொதல்ல நிறுத்தச் சொல்லு, அப்பால பேசலாம்.

– வா நைனா. ஆபீஸுக்கு லீவா இன்னிக்கு?

– பாதியில சொல்லிட்டு ஓடியாரேன். எதுத்த வூட்டு ஜானட் அக்கா ஃபோன் பண்ணித்தான் எனக்கே தெரியுது. "இன்னாடா செங்குட்டுவா, உங்கம்மா சடையங்குப்பத்துல கிரேன் வெச்சு வூடு எறக்குதாமே"ன்னு கேக்குது. பெத்த புள்ள நானு, பேந்தப் பேந்த முழிச்சுகினு நிக்கிறேன். நியாயமா சொல்லு, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?

– சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?

– வாணாம்னு சொல்லியிருப்பேன்.

– அதான் சொல்லல. கொஞ்சம் இந்தாண்ட வா, டிரெய்லர் ரிவர்ஸ்ல வருது.

– யம்மா, நான் பேசிகினு கீறேன்!

– பேசு, வாணாங்கல. தள்ளி நின்னு பேசு. உம் முதுகுக்குப் பின்னால வூடு வருது, திரும்பிப் பாரு.

– இதுவா? இதுவாம்மா வூடு? எங்க கன்டெய்னர் யார்டு கேட்டாண்ட இதே மாதிரி ஒரு பொட்டி கீது. உள்ள வாட்ச்மேன் குந்திகினு பேப்பர் படிப்பாரு.

– அதுவும் எங்க ஷெட்டுல பண்ணதுதான். மணலி ஷெட்டுல இத்தினி வருஷமா நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்னு நெனச்ச? ஷீட்டு செவுத்துக்கு நடுவுல பஞ்சு அடைச்சேன், சந்து பூசினேன், பெயின்ட் அடிச்சேன். கண்டவன் குந்தறதுக்கெல்லாம் பண்ணிக் குடுத்தேன். இது நான் குந்த. ஜன்னல் பெருசா கேட்டேன், சமையலுக்கு மேடை கேட்டேன், கக்கூஸு உள்ளாறயே கேட்டேன். மொதலாளி சிரிச்சாரு. சிரிச்சுகினே பண்ணிக் குடுத்தாரு.

– தாயம்மா! தம்பி வந்துடுச்சா?

– வந்துடுச்சு லோகு. கோவமா கீது.

– இன்னா தம்பி, சௌக்கியமா? நான் லோகநாதன். உங்கம்மா வேல செய்யிற ஷெட்டுலதான் கிரேன் ஓட்டறேன். உன்னப் பத்தி உங்கம்மா நெறைய சொல்லும்.

– அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணுங்க. இந்தப் பொட்டி எறங்காது.

– உங்கம்மா சொன்னா ஆஃப் பண்ணிடறேன் தம்பி. வூடு அதோடதுதானே.

– ஆஃப்லாம் பண்ணாத லோகு. லைன்மேன் மேல ஒயர்ல கரண்ட நிறுத்தி வெச்சுக் கீறாரு. திரும்ப உடறதுக்குள்ள முடிக்கணும். நீ சங்கிலிய மாட்டு, நான் எம் புள்ளகிட்ட பேசிகினு வரேன்.

– பொறுமையா பேசுங்க. நான் மாட்டிகினு கீறேன்.

– யம்மா, நியாயமா சொல்லு. குழலி உன்ன எதனா சொன்னாளா?

– அவ என்னிய ஒரு வார்த்த சொன்னதில்ல. தங்கமான மருமவ. என்னவிட நல்லா ரசம் வெப்பா, அவ்ளோதான் அவமேல எனக்கு வருத்தம்.

– வெளையாடாத. வியாசர்பாடில நாளைக்கு இன்னா பேசுவாங்க தெரியுமா? பொண்டாட்டி வந்ததும் ஆத்தாவத் தொரத்திட்டான், ஒரு தகரப் பொட்டியில போட்டு வெள்ளக்காட்டுல கொண்டாந்து உட்டுட்டான்னு பேசுவாங்க. நான் எப்டிம்மா அவுசிங்போர்டு மாடி ஏறுவேன்?

– நான் எப்டி அந்த மாடியில படுக்கறேன்னு எவனாவது கேட்டானா? ஒரே ரூமு. நீங்க ரெண்டு பேரும் உள்ள. நான் வெளிய வராண்டால. மேல போறவன், கீழ எறங்கறவன், சரக்கு அடிச்சிட்டு வரவன், அல்லாரும் என்னத் தாண்டித் தாண்டித்தான் போறான். பொடவைய கால்ல இடுக்கிகினு தூங்குறேன் நைனா. தூங்குறேன்னு பேரு.

– நான் வெளிய படுக்கறேன், நீ உள்ள படுன்னு சொன்னேனா இல்லியா?

– கல்யாணமான புள்ளய வெளிய படுக்க வெச்சிட்டு நான் மருமவளோட உள்ள படுக்கவா? பேரப்புள்ள எங்கேர்ந்துடா வரும்?

– யம்மா! அந்தண்ணன் கேட்டுகினு கீறாரு.

– கேக்கட்டும். அவருக்கும் காது கீது.

– இன்னும் ரெண்டே வருஷம் பொறுத்துக்கோன்னு சொன்னேன். லோன் போட்டு பெரிய வூடா பாக்கறேன்னேன்.

– நீ பாரு. உனக்கும் அவளுக்கும் பாரு. எனக்குப் பெரிய வூடு வாணாம். எங்கப்பா எம்பேர்ல எழுதி வெச்ச மனை இது. இத்தினி நாளு முள்ளுச்செடி மொளச்சு சும்மா கெடந்துச்சு.

– சும்மா கெடக்காம? கொசத்தலை ஆத்துல தண்ணி தொறந்தா மொதல்ல முழுவறது இந்த எடம்தான். ரெண்டு மழைக்கு முன்னால போட்ல வந்து ஜனங்கள இட்டுகினு போனாங்க, மறந்துட்டியா?

– மறக்கல. அந்த எதுத்த செவுத்துல தண்ணி நின்ன கறை கீதே, பாத்தியா? இப்போ எந் தூணப் பாரு. கறைக்கு மேல ஒரு ஆளு ஒசரம். அதுக்கு மேலதான் வூடு குந்தப் போவுது. தண்ணி வந்தா கீழ வரட்டும், போவட்டும். நான் ஜன்னலாண்ட டீ குடிச்சுகினு பாப்பேன்.

– புயல் வந்தா? பொட்டி அப்டியே எண்ணூர் கடல்ல போய் வுழும்.

– தம்பி, குறுக்க பேசறேன்னு நெனைக்காத. நாலு மூலையிலயும் தூணோட இரும்பு பிளேட்டு வெச்சு போல்ட்டு முடுக்கறோம். ஹார்பர்ல காத்துல நிக்கிற கேபினெல்லாம் இப்டித்தான் நிக்குது. பொறுமையா நீயே முடுக்கிப் பாரு.

– அப்பா இருந்தா இதுக்கு ஒத்துகினு இருப்பாரா? நியாயமா சொல்லு.

– உங்கப்பா போறப்போ நீ நாலாங்கிளாஸு. அவரு இருந்திருந்தா இப்போ எம் பக்கத்துல அதே வராண்டாலதான் படுத்திருப்பாரு, கொறட்ட உட்டுகினு. நல்ல மனுஷன். அவர இதுல இஸ்க்காத.

– தாயம்மா, சங்கிலி மாட்டியாச்சு. அந்தாண்ட கயிறு புடிக்க நம்ம ஷெட்டு திருமுருகன் வரேன்னானே, எங்க?

– ரயில உட்டுட்டானாம். அடுத்ததுல வரேன்றான்.

– அதுவரைக்கும் நிக்க முடியாது. கடல்காத்து ஏறிகினு கீது. ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சாத்தான் பொட்டி சுத்தாம மேல போவும்.

– ரெண்டு கயிறையும் நானே புடிக்கறேன்.

– முடியாது தாயம்மா. உன்ன இஸ்துகினு போயிடும்.

– அப்போ கொஞ்சம் தூக்கிப் பாரு. பாத்துட்டுச் சொல்லலாம்.

– கொஞ்சம்தான் தூக்குவேன். அடியில யாரும் வரக்கூடாது. தூக்கறேன்… தூக்கறேன்…

– யம்மா, தள்ளி நில்லு.

– நிக்கிறேன்டா. தோ, கெளம்பிடுச்சு பாரு. மண்ண உட்டுக் கெளம்பிடுச்சு எம் வூடு!

– தாயம்மா, சுத்துது! இந்தாண்ட கயிற இறுக்கு!

– இறுக்கித்தான் கீறேன். கை நழுவுது லோகு!

– யம்மா, உடு! உட்டுடு அத!

– உடமாட்டேன். உட்டா போஸ்ட்டு கம்பத்துல போய் இடிக்கும். செங்குட்டுவா, அந்தக் கயிறுடா! அந்தாண்ட தொங்குது பாரு!

– புடிச்சிட்டேன்! புடிச்சிட்டேன்ணே, இப்போ இன்னா பண்ணணும்?

– கால நல்லா ஊனிக்கோ தம்பி. இஸ்க்காத, சும்மா தாங்கிப் புடி. அவ்ளோதான். அது உன்ன இஸ்தா நீ ரெண்டடி கூடப் போ. சண்ட போடாத அதுகிட்ட.

– கனமா கீதுண்ணே.

– கனம் கிரேன்கிட்ட கீது. உங்கிட்ட காத்து மட்டும்தான். பொறுமையா… ஆங், திரும்புது. நேரா வந்துடுச்சு. தாயம்மா, நீ கொஞ்சம் லூசு உடு.

– உடறேன். கம்பத்துக்கு எடம் கீதா?

– கீது. தாண்டிட்டோம். இப்போ எறக்கறேன். தம்பி, தூணப் பாரு. உம் பக்கத்து மூலை பிளேட்டு மேல வருதா?

– வரல. இன்னும் கொஞ்சம் எம் பக்கம் வரணும். இன்னும்… இன்னும்… போதும், போதும்! எறக்குங்க!

– எறக்கறேன்.

– குந்திடுச்சு! யம்மா, குந்திடுச்சும்மா! கச்சிதமா குந்திடுச்சு!

– கத்தாதடா, காது கீதுல்ல எனக்கு. கையக் காட்டு. ஐய, தோலு உரிஞ்சுடுச்சே.

– உங்கையி மட்டும் இன்னாவாம்? செவந்து கெடக்குது.

– எங்கையி சிமென்ட்டு, பெயின்ட்டு அல்லாம் பாத்த கையி. லோகு, நீ போல்ட்ட முடுக்கிகினு இரு. நான் இவனுக்கு உள்ளாற காட்டிட்டு வரேன். வாடா, ஏணியில ஏறு.

– நீ மொதல்ல ஏறும்மா. உன் வூடு.

– அப்டிச் சொல்லு. வா. தலையப் பாத்து. இன்னா, இடுக்கா கீதா?

– இல்ல. வெளியேருந்து பாத்தா சின்னதா தெரிஞ்சுது.

– செவுத்துல அந்தப் பலகை கீதே, அத இஸ்து எறக்கு. கட்டிலு. தூக்கி மாட்டினா எடம் காலி. அதுக்குக் கீழ பொட்டி வெச்சுக்கலாம், துணிமணி வெச்சுக்கலாம். இந்தாண்ட அடுப்பு மேடை. செவுத்தத் தொட்டுப் பாரு.

– வெளிய வெயிலு கொளுத்துது, இது சில்லுன்னு கீது.

– பஞ்சு அடைச்சது யாரு? இந்தச் செவுத்துல ஒரு சந்து உடல நானு. இப்போ போய் அந்தக் கதவச் சாத்து.

– எதுக்கு?

– சாத்துடா, சொல்றேன். ஆங். இப்போ தாப்பா போடு.

– போட்டுட்டேன்.

– கேட்டியா?

– ஒண்ணியும் கேக்கலியேம்மா.

– அதான். மாடிப்படி சத்தமில்ல, எவன் செருப்பும் எந்தலையத் தாண்டல. பொறந்த வூட்டுல ஆறு பேரு. கட்டிகினு வந்த வூட்டுல ஒம்போது பேரு. அப்பால அவுசிங்போர்டு. உள்ளேர்ந்து தாப்பா போட்டுகினு நான் ஒரு நாளும் தூங்கினதே இல்ல நைனா. இன்னிக்குத் தூங்குவேன்.

– யம்மா… நான் உன்ன ஒழுங்கா வெச்சுக்கல இல்ல?

– அய்ய, இன்னாடா கண்ணு கலங்கிகினு. நீ நல்லாத்தான் வெச்சுகினு இருந்த. எனக்கு ஜொரம் வந்தா ராவெல்லாம் முழிச்சுகினு கெடப்ப. ஆனா அது நீ வெச்ச எடம். இது நானா வந்து நிக்கிற எடம். கோச்சுகினு வரல, அழுதுகினு வரல. சிரிச்சுகினு வந்துக் கீறேன். அத நீ நாலு பேருகிட்ட சொல்லு, போதும்.

– சொல்றேன். எங்கம்மா சொந்த வூட்டுக்குப் போயிடுச்சுன்னு சொல்றேன். எவனாவது எதனா பேசினா இங்கயே இட்டாந்து காட்டறேன். நியாயமா சொல்லணும்னா, சோக்கா கீதும்மா.

– தாயம்மா, முடுக்கியாச்சு! ஆட்டிப் பாத்தேன், மலை மாதிரி கீது. லைன்மேன கரண்ட் உடச் சொல்லிடவா?

– சொல்லிடு லோகு. அப்பால மேல வா. தண்ணி குடிச்சிட்டுப் போலாம்.

– வாங்கண்ணே, ஏணிய நான் புடிச்சுக்கறேன். அண்ணே, வந்ததும் வராததுமா கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.

– அதெல்லாம் ஒண்ணியும் இல்ல தம்பி. நீ இல்லன்னா இன்னிக்கு பேஜாராயிருக்கும். நல்லா புடிச்ச.

– இன்னொண்ணு கேக்கறேன்ணே. அம்மா இங்க ஒண்டியா கீது. நீங்க ஷெட்டுக்குப் போவ, வர இந்த வழியாத்தானே போவீங்க? அப்பப்போ ஒரு கொரலு குடுத்து, எப்டிக் கீதுன்னு பாத்துட்டுப் போங்க.

– தாயம்மா… நீயே சொல்லிடேன்.

– நல்லா கீதே. நான்தான் சொல்லுவேன், நான்தான் சொல்லுவேன்னு நேத்து வரைக்கும் சொல்லிகினு இருந்தியே.

– பொட்டிய தூக்கறது, எறக்கறதுன்னா எனக்குத் தெரியும். இது வாயில வரமாட்டேங்குது.

– இன்னாம்மா? இன்னாத்த சொல்லணும்?

– இந்தாளு அப்பப்போ வந்துட்டுப் போறவரு இல்ல நைனா, இங்கயே இருக்கப் போறவரு. வர வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம், ஒரு சாட்சிக் கையெழுத்த உம் பொண்டாட்டி போடறேன்னுட்டா, இன்னொண்ண நீ வந்து போடு.