கோடீஸ்வரி புருஷன்

— மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தியமா காதுல விழல, காத்து அப்படி அடிக்குது.

— கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேளு. உங்க அக்காவோட பாறை வித்துப்போச்சுடா.

— எந்தப் பாறை?

— ஏண்டா, உங்கப்பா பங்கு பிரிச்சப்போ உனக்கும் உங்க அண்ணனுக்கும் வயலைக் கொடுத்துட்டு, பொண்ணுக்கு மட்டும் மாடுகூட எட்டிப் பாக்காத பாறையை எழுதிவெச்சாரே, அந்தப் பாறை.

— அதைப்போய் யாரு மாமா வாங்குவா?

— புது ரோடு அந்தப் பக்கமா வருதாம். ரோட்டோரமா பெரிய கிடங்கு கட்டப் போறாங்க. அடியில பாறை இருந்தா அஸ்திவாரம் கெட்டியா நிக்குமாம். கையெழுத்துப் போட்டாச்சு, பணமும் பேங்குல விழுந்தாச்சு. காலைல ஆறு மணிக்குப் போன் பண்ணினா.

— எவ்ளோ மாமா?

— சத்தமா கேக்காதே. காதை இப்படிக் கொடு.

— ஐயோ! ஐயோ மாமா! ஐயய்யோ!

— டேய், குதிக்காதேடா! இருபதாவது மாடியில தொங்கிக்கிட்டிருக்கோம், கூண்டு ஆடுது பாரு!

— ஆடட்டும் மாமா! நீங்க கோடீஸ்வரர் மாமா! கோடீஸ்வரரோட ஒரே கூண்டுல நிக்கிறேன் நான்!

— நான் இல்லடா. நான் வெறும் கோடீஸ்வரி புருஷன். பாறை அவ பேருல இருக்கு.

— எல்லாம் ஒண்ணுதான். எங்க வயலைப் பாருங்க, அஞ்சு வருஷமா கிணத்துல சொட்டுத் தண்ணி இல்ல. பாறை இப்படிக் கொட்டுது. எங்கப்பா இருந்திருந்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அது சரி, ஆறு மணிக்கே தெரியும்னா பின்ன எதுக்கு மாமா வாளியைத் தூக்கிக்கிட்டு வேலைக்கு வந்தீங்க?

— நேத்து மேற்குப் பக்கம் முடிச்சோம். கிழக்குப் பக்கம் அப்படியே அழுக்கா நிக்குதே. பாதி மூஞ்சி கழுவின ஆளு மாதிரி கட்டடத்தை விட்டுட்டு எப்படிடா போறது?

— நீங்க ஒரு ஆளு மாமா! அந்த ரப்பர் கட்டையைக் கீழ வைங்க. இனிமே நீங்க இதைத் தொடக்கூடாது. உங்களுக்கு ஒருத்தன் துடைச்சுக் கொடுப்பான்.

— மூலையில சோப்பு நிக்குது பாரு. வழிச்சு விடு முதல்ல.

— முதல் காரியமா என்ன செய்யணும் தெரியுமா? நம்ம கம்பெனியை வாங்கிடுங்க. வாங்கி, சூப்பர்வைசரை இந்தக் கூண்டுல ஏத்துவோம். நாம கீழ நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, அங்க ஒரு கறை, இங்க ஒரு கறைன்னு கையைக் காட்டுவோம்.

— கறையே இல்லாத இடத்தைக் காட்டணும்டா. அவன் நமக்குக் காட்டுவானே, அதே மாதிரி.

— அப்படிப் போடுங்க! அடுத்தது ரூம். ஆறு பேருக்கு ஒரு குளியலறைன்னு காலைல வரிசை கட்டினதெல்லாம் இன்னையோட சரி. ஆளுக்கு ரெண்டு குளியலறை. ஒண்ணு குளிக்க, ஒண்ணு சும்மா.

— சும்மான்னா?

— சும்மா போய் உக்காந்து யோசிக்க. யாரும் கதவைத் தட்ட மாட்டான். நம்ம குறட்டை அண்ணனுக்கு மட்டும் தனிக் கட்டடம். பாவம், நல்ல மனுஷன், ஆனா ராத்திரியானா லாரி ஓட்டுறாரு.

— ஹா ஹா! அவனுக்கு ஒரு நிஜ லாரியே வாங்கிக் கொடுத்துடலாம்டா. அதுவாச்சும் சத்தம் கம்மியா இருக்கும். சரி, உன் பக்கத்துப் பட்டனை அமுக்கு. பத்தொன்பதுக்கு இறங்குவோம். ஒண்ணு, ரெண்டு...

— மூணு! மாமா, இந்த வீடு எப்படி? உள்ள பாருங்க, அந்த ஆளு ஓடுற மிஷின்ல ஓடுறாரு. நாம இந்தப் பக்கம் எப்ப வந்தாலும் ஓடிக்கிட்டேதான் இருக்காரு. இன்னும் சோபாவரைக்கும்கூட வந்து சேரல. இதை வாங்கிடலாமா?

— ஆளோட சேத்தா?

— ஆளும் மிஷினும் இலவசம்! ஆனா வேண்டாம் மாமா. நமக்கு எதுக்கு இங்க வீடு? ஊர்ல கட்டுவோம், இதைவிட ரெண்டு மடங்கு. நம்ம வீட்டு ஜன்னலை வேற எவனாவது துடைக்கட்டும். பிளேன் டிக்கெட் எப்பப் போடறீங்க? என்னையும் சேத்துப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமைன்னா நல்லது, வியாழக்கிழமை நான் துணி துவைச்சுடுவேன்.

— இந்தா, அந்தப் பக்கம் ஓரம் விட்டுப்போச்சு.

— மாமா, டிக்கெட்டைக் கேட்டேன்.

— கேட்டது காதுல விழுந்துது. அமுக்கு, பதினெட்டுக்குப் போவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு.

— என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? சந்தோஷத்துல அழுகை வருதா? அழுங்க மாமா, நானும் அழறேன். ரெண்டு பேரும் அழுதா வாளியில தண்ணி மிச்சம்.

— நான் போகலடா.

— வெள்ளிக்கிழமை வேண்டாமா? அப்ப ஞாயித்துக்கிழமை.

— எந்தக் கிழமையும் இல்ல. நான் ஊருக்குப் போகல. இங்கயேதான் இருக்கப் போறேன்.

— விளையாடாதீங்க மாமா.

— இவ்ளோ உசரத்துல எவன்டா விளையாடுவான்?

— மாமா, பத்தொன்பது வருஷமா நீங்க என்ன சொல்லிக்கிட்டிருக்கீங்க? கையில நாலு காசு சேந்தா மறுநாளே பெட்டியைக் கட்டிடுவேன்னு. போன்ல சொல்லுவீங்க, கடிதாசி போட்ட காலத்துல கடிதாசியில எழுதுவீங்க. நான் பள்ளிக்கூடம் போறப்போலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். எங்கக்கா அதை நம்பித்தானே உக்காந்திருக்கா?

— காசு வராதுங்கிற தைரியத்துல சொன்னதுடா அது!

— என்ன மாமா இது அநியாயமா இருக்கு?

— கத்தாதே, கேட்டுக்கோ. கல்யாணமான ஆறாவது மாசம் இங்க வந்தவன் நான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா முப்பது நாள் லீவு. முதல் பத்து நாள் நான் மாப்பிள்ளை. அடுத்த பத்து நாள் விருந்தாளி. கடைசிப் பத்து நாள், தெருவுல போற நாய்கூட எப்பக் கிளம்புறேன்னு கேக்குது. முப்பது நாளைக்கு மேல எனக்குப் புருஷனா இருக்கத் தெரியாதுடா. பழக்கமே இல்ல.

— பழகினா வந்துட்டுப் போகுது! இதுக்கென்ன பரீட்சையா வைக்கிறாங்க?

— போன லீவுல ஒருநாள், அவ கடைக்குப் போயிருந்தா. டீ போடலாம்னு சர்க்கரையைத் தேடினேன். ஆறு டப்பாவைத் திறந்தேன். ஒண்ணுலயும் இல்ல. என் காசுல கட்டின வீடுடா அது, சர்க்கரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. வெறும் தண்ணியைக் குடிச்சுட்டு உக்காந்துட்டேன். அவ வந்து டீ போடவான்னு கேட்டப்போ வேண்டாம்னு சொல்லிட்டேன். அவ்ளோ வெக்கமா இருந்துது.

— சர்க்கரை கிடைக்கலன்னு பொண்டாட்டியை விட்டுடுவீங்களா?

— இங்க நான் கூண்டுல ஏறிட்டா சூப்பர்வைசர்கூட என்னை அண்ணாந்துதான் பாக்கணும். எந்தக் கண்ணாடி ஆடும், எந்த மாடியில காத்து திரும்பும், எனக்கு அத்துபடி. இதோ, கீழ பன்னெண்டாவது மாடியில ஒரு பாப்பா இருக்கு. தவழ்ந்தப்போலேருந்து பாக்குறேன். இப்ப யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எனக்கு டாட்டா காட்டுது.

— உங்க பொண்ணும்தான் தவழ்ந்தா மாமா. பல்லு விழுந்து முளைச்சுது. இப்ப காலேஜ் ஹாஸ்டலுக்கும் போயாச்சு. அவளுக்கு எத்தனை தடவை டாட்டா காட்டினீங்க? கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க.

— கேட்டுட்டு அப்புறம் என்னடா தப்பா நெனைக்காதேன்னு? அமுக்கு, பதினேழுக்குப் போவோம்.

— பாதி இறங்கியாச்சு. இதுக்கு மேல அமுக்க மாட்டேன்.

— என்னது?

— ரெண்டு பேரும் சேந்து அமுக்கினாத்தானே இறங்கும்? உங்க பக்கத்துப் பட்டனை நீங்க அமுக்குங்க. என் பக்கத்தை நான் அமுக்க மாட்டேன். எங்கக்காவுக்குப் போன் போட்டு, ஊருக்கு வர்றேன்னு சொல்லுங்க. அப்பதான் விரலை வைப்பேன்.

— டேய், நாம ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறோம்!

— நிப்போம். நான் சாயங்காலம்வரைக்கும் நிப்பேன். பையில பன்னு இருக்கு.

— பாரு, கீழ்ப் பாதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்தக் கட்டடத்து ஆபீஸ். மீட்டிங் நடக்குது. பத்துப் பன்னெண்டு பேரு நம்ம காலையே பாத்துக்கிட்டிருக்காங்க.

— பாக்கட்டும். உங்க லட்சணம் அவங்களுக்கும் தெரியட்டும்.

— துடைக்கிற மாதிரியாவது நடிடா, புகார் போயிடும்! அந்த மொட்டைத்தலைக்காரர் எழுந்தே வந்துட்டாரு. சிரி. கையை ஆட்டு. ஐயா, வணக்கம், வணக்கம், ஒண்ணுமில்ல, குடும்ப விஷயம்!

— அவருக்குக் கேக்காது மாமா.

— சிரிச்சா புரியும். ஐயோ, போன் அடிக்குது. அவதான். உங்கக்காதான்.

— ஸ்பீக்கர்ல போடுங்க. சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.

— சும்மா இரு. ஹலோ.

— என்னங்க, வேலையா இருக்கீங்களா?

— ஆமா, தொங்கிக்கிட்டிருக்கேன். உன் தம்பியும் பக்கத்துல தொங்குறான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கான்.

— கேக்கட்டும், அவனுக்கும் தெரிய வேண்டியதுதான். காலைலேருந்து உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு மூணு தடவை போனை எடுத்துட்டு வெச்சுட்டேன். கோவப்படக் கூடாது.

— எனக்கும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நான் முதல்ல சொல்லிடுறேங்க. விட்டா தைரியம் போயிடும். காசு வந்துடுச்சேன்னு வேலையை விட்டுட்டு இங்க வந்துடாதீங்க.

— என்னது?

— அக்கா! என்னக்கா பேசுற நீ?

— நீ வாயை மூடு. முழுசாக் கேளுங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்ல மனுஷன் நீங்க, அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா நீங்க லீவுக்கு வர்றீங்கன்னா, பத்து நாள் முன்னாலேருந்தே நான் வேற ஆளா மாறிக்கணும். குரலைத் தணிச்சுக்கணும். நேரத்துக்கு அடுப்பைப் பத்த வைக்கணும். அந்த முப்பது நாளும் நான் நடிக்கிறேங்க.

— நடிக்கிறியா?

— நல்லாவே நடிக்கிறேன். நீங்களே நம்பிட்டீங்களே! அது முடிஞ்சு உங்களை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தா, ரெண்டு நாள் அழுவேன். அது நிஜம். மூணாவது நாள் கட்டில்ல குறுக்காப் படுத்துப்பேன். அதுவும் நிஜம்.

— குறுக்காவா?

— ஆமா, குறுக்கா. பசிச்சாத்தான் சமைப்பேன். கார் ஓட்டக் கத்துக்கிட்டு நாலு மாசமாச்சு, உங்ககிட்ட சொல்லல. பயப்படுவீங்கன்னு.

— கார் ஓட்டுறியா? எங்க போற?

— சும்மாதான். கடல் பக்கம் போய், ஒரு டீ குடிச்சுட்டு, திரும்பி வருவேன். போகும்போதும் வரும்போதும் பாடுவேன்.

— நீ பாடுவியா?

— சத்தமாப் பாடுவேன். காலைல எழுந்ததுமே ஆரம்பிச்சுடுவேன்.

— இத்தனை வருஷத்துல நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே.

— நீங்க இருந்தா வராதுங்க. கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன். பணத்துல பாதி உங்க பேருக்கு மாத்திடுறேன், அங்கயே ஒரு நல்ல வீடாப் பாத்துக்கோங்க. எப்பவும்போல வாங்க, போங்க. ஆமா, நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?

— மறந்துபோச்சு.

— கோவமா?

— இல்ல, இல்ல. நீ இப்ப எங்க இருக்க?

— காருக்குள்ளதான். ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேன். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான். யோவ், கண்ணு தெரியலையா, சுத்திப் போய்யா! உங்களை இல்லங்க. வெச்சுடறேன்.

— மாமா... ஏன் மாமா இப்படிச் சிரிக்கிறீங்க? பயமா இருக்கு மாமா.

— டேய், உங்கக்கா நிஜமாவே பாடுவாளா?

— சின்ன வயசுல பாடுவா. எங்க தெருவுல எல்லாரும் ஜன்னலைச் சாத்திப்பாங்க. அதுக்கா சிரிக்கிறீங்க?

— யோவ்ங்கிறாடா. நடு ரோட்டுல ஒருத்தனைப் பாத்து யோவ்ங்கிறா. என்கிட்ட இத்தனை வருஷத்துல வாயே திறந்ததில்ல.

— சரி விடுங்க மாமா. நான் எங்கக்காவுக்காக உங்ககூடச் சண்டை போட்டா, அவ உங்களுக்கு மேல இருக்கா. எப்படியோ பிரச்சனை தீந்துது. நீங்க போக மாட்டேன்னீங்க, அவ வராதீங்கன்னுட்டா. ரெண்டு பேருக்கும் சந்தோஷம். இதோ விரலை வெச்சுட்டேன், அமுக்குங்க, பதினேழாவது மாடி.

— பதினேழு இல்ல. நேரா தரைக்கு விடு.

— கிழக்குப் பக்கம் பாதி மூஞ்சியா நிக்குதே மாமா?

— நிக்கட்டும். எனக்கு டிக்கெட் போடணும். வெள்ளிக்கிழமைவரைக்கும்கூடத் தாங்காது, இன்னைக்கே ஏதாவது கிடைக்குதான்னு பாரு.

— எங்க போறதுக்கு மாமா? அதான் அவ அவ்ளோ தெளிவா வராதீங்கன்னுட்டாளே!

— என் பொண்டாட்டிகிட்டப் போக மாட்டேன்னுதாண்டா நான் சொன்னேன். இப்பப் பேசினாளே, இவளை நான் இன்னும் பாக்கவே இல்லையே!