முன்வரிசையில் ஓட்டை

மார்லீன்: போச்சு. பந்து எறியற நம்ம பையன மறுபடியும் கவுத்துட்டாங்க.

காஸ்: எழுந்திருக்கறானா?

மார்லீன்: எழுந்திருக்கறான்... ஹெல்மெட் கம்பிக்குள்ள ஒரு கத்தை புல்லு. பாவம், அவங்கம்மா வீட்டுல டிவியப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

காஸ்: இந்தத் தடவை எதிராளிய யாரு உள்ள விட்டது?

மார்லீன்: வேற யாரு? எழுபத்திரெண்டாம் நம்பர் சட்டைக்காரன்.

காஸ்: அந்த உடம்புக்கு அவன் சும்மா நின்னாலே போதுமே. எதிராளி சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்.

மார்லீன்: சுத்தி எங்க வந்தான்? நேராத்தான் வந்தான். நம்மாளு ஒதுங்கி நின்னு, ஓட்டல் வாசல்ல கதவு திறந்து விடற மாதிரி திறந்து விட்டான்.

காஸ்: அஞ்சு பேரு முன்வரிசையில நிக்கறாங்க, மார்லீன். அஞ்சு பேரு. பந்தத் தூக்கிட்டு ஓடச் சொன்னாங்களா, பிடிக்கச் சொன்னாங்களா? ஒண்ணும் இல்ல. பின்னால நின்னு பந்து எறியற பையன மூணு எண்ணறதுக்குள்ள எவனும் தொட்டுடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

மார்லீன்: ஒண்ணு எண்ணி முடியறதுக்குள்ள பையன் படுத்துட்டான்.

காஸ்: நாங்க ஸ்கூல்ல ஆடுறப்போ...

மார்லீன்: வேணாம்.

காஸ்: வலது பக்கம் நான் நின்னேன்னா...

மார்லீன்: காஸ், உன் முட்டி போன கதைய எனக்கு நீ சொல்லணுமா? அந்த முட்டிக்கு வருஷக்கணக்கா ஐஸ் வச்சவ நான்.

காஸ்: சரி விடு... அது என்ன டப்பாவுல?

மார்லீன்: பியரோகி. போலந்துக் கொழுக்கட்டை.

காஸ்: உள்ள உருளைக்கிழங்கா?

மார்லீன்: உருளைக்கிழங்கும் சீஸும். எனக்குன்னு பண்ணேன். கொஞ்சம் அதிகமாயிடுச்சு. வேணும்னா எடுத்துக்கோ, வேணாம்னா விடு.

காஸ்: ம்ம்... மேல வெங்காயம் வதக்கிப் போட்டிருக்க.

மார்லீன்: ஆமா.

காஸ்: உனக்கு வெங்காயம் ஒத்துக்காதே?

மார்லீன்: ...மறந்து போட்டுட்டேன். ஆட்டத்தப் பாரு.

காஸ்: எங்க பாக்கறது? இப்ப பந்து அவங்க கையில. நம்ம முன்வரிசை பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிக்குது. உழைச்ச களைப்பு.

மார்லீன்: ஏரிக்காத்து இன்னிக்குக் காத வெட்டுது.

காஸ்: இந்தா, கம்பளியில பாதி போட்டுக்கோ.

மார்லீன்: வேணாம். நீயும் நானும் ஒரே கம்பளியில உக்காந்திருக்கறத யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?

காஸ்: யாரு பாக்கறது? சுத்தியும் பாரேன். இந்தப் பகுதியிலயே நம்ம ரெண்டு பேரு, அங்க ஒரு புறா.

மார்லீன்: அந்தப் புறாவும் ஆட்டம் முடியறதுக்குள்ள கிளம்பிடும்.

காஸ்: இந்த ரெண்டு சீசன் சீட்டுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம், ஞாபகம் இருக்கா? நம்ம டொலிடோ ஊருல ஒருத்தர் செத்தாத்தான் ஒரு சீட்டு காலியாகும்னு சொல்லுவாங்க.

மார்லீன்: நம்ம விவாகரத்த விசாரிச்ச ஜட்ஜுக்கு அது புரியலையே. வீடு யாருக்குன்னாரு, எனக்குன்னேன். படகு யாருக்குன்னாரு, நீ எனக்குன்ன. நாயி வாரம் ஒருத்தர்கிட்டன்னு முடிவாச்சு. எல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. மேட்ச் சீட்டு யாருக்குன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்து நின்னுட்டோம்.

காஸ்: உன் வக்கீல் என் சட்டையப் பிடிச்சு உக்கார வச்சாரு.

மார்லீன்: ஜட்ஜு கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, "அப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க"ன்னுட்டாரு. ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு யாரும் அவருகிட்ட சொல்லவே இல்ல.

காஸ்: அதுலேர்ந்து எனக்கு இந்தத் தண்டனை.

மார்லீன்: உனக்கா? எனக்கு. வருஷா வருஷம் ஆபீஸ்ல போய்க் கேக்கறேன், என் சீட்டையாவது மாத்திக் கொடுங்கன்னு. ஒரு இடம்கூட இல்லைங்கறாங்க.

காஸ்: என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க. எல்லா சீட்டும் வித்துப் போச்சாம்.

மார்லீன்: ம்ம்.

காஸ்: ம்ம்... வித்துப் போச்சாம்.

எர்வின்: என்ன மார்லீன், என்ன காஸ், உயிரோட இருக்கீங்களா?

மார்லீன்: வாங்க எர்வின். என்ன, இன்னிக்கு டிக்கெட்டெல்லாம் பாக்கலையா?

எர்வின்: யாரோடத பாக்கறது? நான் இந்த மைதானத்துல வழிகாட்ட ஆரம்பிச்ச காலத்துல நடக்க இடம் இருக்காது. இந்த முன்வரிசை வந்ததுலேர்ந்து ஜனங்க வாசலுக்கு வழி கேக்கத்தான் என்கிட்ட வர்றாங்க. எழுந்திரிங்க ரெண்டு பேரும். கீழ, மைதானத்த ஒட்டி, நல்ல இடமா வரிசை வரிசையா காலியா கிடக்கு. போய் உக்காருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

காஸ்: கீழயா... என் முட்டிக்கு அத்தனை படி ஆகாது, எர்வின்.

எர்வின்: மேல ஏறி வந்திருக்கீங்களே? இது இறங்கறதுதான்.

காஸ்: இறங்கறதுதான் கஷ்டம்.

எர்வின்: அப்ப நீங்க வாங்க மார்லீன்.

மார்லீன்: கீழ சீட்டெல்லாம் ஈரமா இருக்கும்.

எர்வின்: நான் துடைச்சுத் தர்றேன்.

மார்லீன்: கீழேர்ந்து பாத்தா முன்வரிசைக்காரங்க முதுகுதான் தெரியும்.

எர்வின்: முகத்தப் பாத்து என்ன சுகத்தக் கண்டீங்க? சரி, படி வேணாம், ஈரம் வேணாம். யாராவது ஒருத்தர் ரெண்டு சீட்டாவது தள்ளி உக்காரலாமே. கை கால நீட்டிக்கலாம். இவ்வளவு பெரிய மைதானத்துல, விவாகரத்தான ரெண்டு பேரு, பஸ்ல மாதிரி தோள இடிச்சுக்கிட்டு... எனக்கென்ன, கேட்டேன்.

காஸ்: பக்கத்து சீட்டு உடைஞ்சிருக்கு.

எர்வின்: இந்தப் பக்கமா?

மார்லீன்: அந்தப் பக்கமும்.

எர்வின்: ம்... அந்தப் புறாகிட்ட கேட்டுப் பாக்கறேன், அதுவாவது நகருதான்னு.

காஸ்: ...போயிட்டாரா?

மார்லீன்: போயிட்டாரு. சிரிச்சுக்கிட்டே போறாரு.

காஸ்: நீ ஏன் கீழ போகல?

மார்லீன்: நீ ஏன் போகல?

காஸ்: அதான் சொன்னேனே, முட்டி.

மார்லீன்: நானும் சொன்னேனே, ஈரம். பாரு, நம்ம பசங்க வர்றாங்க... ஐயோ, அதுக்குள்ள விசிலா?

காஸ்: பந்து நகர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் அசைஞ்சுட்டான். அஞ்சு கெஜம் பின்னால போகணும்.

மார்லீன்: எழுபத்திரெண்டு?

காஸ்: இல்ல, இந்தத் தடவை அறுபத்தாறு. முறை போட்டு செய்யறாங்க.

மார்லீன்: காஸ்... ஒரு விஷயம் சொல்லணும். அடுத்த வருஷம் நான் இங்க வரலைன்னு நினைக்கறேன்.

காஸ்: இங்கன்னா? டொலிடோவுலயா?

மார்லீன்: இந்த சீட்டுல. எங்க பஸ் டிப்போவுக்கு டயர் போடறவரு லாயிட்னு ஒருத்தர். அவரு கம்பெனிக்கு இந்த மைதானத்து உச்சியில கண்ணாடி ரூம்ல இடம் இருக்காம். வந்து என்னோட உக்காருங்கன்னு கேட்டாரு.

காஸ்: ...ஓ.

மார்லீன்: உள்ள ஹீட்டர் இருக்கு. சோபா இருக்கு.

காஸ்: ஹீட்டர் இருக்கா. அப்ப நல்லது. உனக்குக் குளிர் ஆகாது.

மார்லீன்: அவ்வளவுதானா?

காஸ்: வேற என்ன? ...லாயிட் எப்படி, ஆட்டம் தெரிஞ்சவரா?

மார்லீன்: தெரியும்னுதான் சொல்லிக்கறாரு. எழுபத்திரெண்டு நல்லா முன்னேறியிருக்கான்னாரு.

காஸ்: மார்லீன்.

மார்லீன்: என்ன?

காஸ்: அந்த ஆளு கார் ஓட்டறாரா? கண்ணு தெரியாம வண்டி ஓட்டக் கூடாது.

மார்லீன்: நல்ல மனுஷன் காஸ். எனக்கு ஏதாவது கஷ்டம்னா முன்னால வந்து நிக்கறாரு. டிப்போ மேனேஜர் என்னப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதுக்கு, அந்த இடத்துலயே கேட்டுட்டாரு.

காஸ்: இது எனக்கா?

மார்லீன்: யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு. உங்கக்கா ஈஸ்டர் விருந்துல, அத்தனை பேர் முன்னால, நான் உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்னு சொன்னா. நீ என் பக்கத்துலதான் நின்ன. கையில பன்றித்தொடை தட்டு.

காஸ்: தட்டு ரொம்ப சூடு.

மார்லீன்: அவ மூணு தடவை சொன்னா. மூணு தடவையும் நீ தட்டத்தான் பாத்த. அந்த எழுபத்திரெண்டுகூட, ஆளு போனப்புறமாவது திரும்பிப் பாக்கறான்.

காஸ்: ...போன ஈஸ்டருக்கு மறுபடியும் ஆரம்பிச்சா.

மார்லீன்: யாரு?

காஸ்: அக்கா. நீ போனதுக்கப்புறம்தான் எனக்கு முகத்துல களை வந்திருக்காம். நான் எழுந்து நின்னேன். நீ வந்ததுக்கப்புறம்தான் இந்த வீட்டுல ஒருத்தர் ஒழுங்கா சிரிச்சாங்கன்னேன். உன்னப் பத்திப் பேசறதா இருந்தா நான் இருக்கற மேஜையில பேசாதன்னேன்.

மார்லீன்: நீயா?

காஸ்: அப்புறம் சாப்பிடாமலே வெளிய வந்துட்டேன். பெட்ரோல் பங்க்ல ஒரு ஹாட்டாக் வாங்கித் தின்னேன். ஈஸ்டர் அன்னிக்கு.

மார்லீன்: அங்க நான்கூட இல்லையே காஸ். பந்து போய், ஆட்டமும் முடிஞ்சு, விளக்கெல்லாம் அணைச்சப்புறம் தடுத்திருக்க.

காஸ்: தெரியும்.

மார்லீன்: ...என்கிட்ட ஏன் சொல்லல?

காஸ்: சொல்லலாம்னுதான் ஒவ்வொரு மேட்சுக்கும் வர்றேன். நீ வந்து உக்காந்ததும் முதல் வார்த்தையே எழுபத்திரெண்டப் பத்தித்தான். அப்புறம் எங்க சொல்றது?

மார்லீன்: கம்பளியக் கொடு. பாதி இல்ல, நிறைய கொடு.

காஸ்: மணி பாரு. கடைசி வாய்ப்பு. இப்ப கோட்டத் தாண்டிட்டா ஜெயிச்சிடலாம்.

மார்லீன்: நம்ம முன்வரிசைய வச்சுக்கிட்டா?

காஸ்: பொறு... பொறு, பாரு. நிக்கறாங்க.

மார்லீன்: நிக்கறாங்க காஸ். அஞ்சு பேரும் நிக்கறாங்க.

காஸ்: பையனுக்கு நேரம் இருக்கு. பாரு, மூச்சு விட்டு, நிதானமா... எறிஞ்சுட்டான்.

மார்லீன்: பிடிச்சுட்டான். பிடிச்சுட்டான், ஓடறான்... கோட்டத் தாண்டிட்டான். காஸ், தாண்டிட்டான்!

காஸ்: வா இங்க... ஐயோ மார்லீன், என் பியரோகி... பரவால்ல, போகட்டும். ஜெயிச்சுட்டோம்.

மார்லீன்: அழறியா?

காஸ்: காத்து.

மார்லீன்: ...ஏன் யாரும் கத்தல?

காஸ்: இருக்கறதே பத்துப் பேரு.

மார்லீன்: இல்ல காஸ். மைதானத்துல பாரு. நடுவரோட மஞ்சக் கொடி விழுந்திருக்கு.

காஸ்: இல்ல.

மார்லீன்: எதிராளியோட சட்டையக் கையால பிடிச்சு இழுத்திருக்கான். அடிச்சது செல்லாது.

காஸ்: யாரு?

மார்லீன்: கேக்கணுமா? இடுப்புல கைய வச்சுக்கிட்டு வானத்தப் பாத்துட்டு நிக்கறான் பாரு.

காஸ்: எழுபத்திரெண்டு.

மார்லீன்: முடிஞ்சுது. மணி அடிச்சாச்சு... கைய எடு, காஸ். ஜெயிக்கல நாம.

காஸ்: நீ முதல்ல எடு.

மார்லீன்: ...எனக்குக் குளுருது.

காஸ்: எனக்கும்தான். மார்லீன், அந்தக் கண்ணாடி ரூம்... நான் ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் நீ போறதா இருந்தா போ.

மார்லீன்: சொல்லு.

காஸ்: சீட்டு மாத்தித் தரச் சொல்லி நான் ஆபீஸ்ல ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அந்தப் பக்கமே போனதில்ல. ஹீட்டர் இருக்குன்னதும் நல்லதுன்னேன் பாரு, அது நல்லது இல்ல. எனக்கு அது நல்லதே இல்ல. போகாத.

மார்லீன்: நீ கேக்கலைன்னு எனக்குத் தெரியும்.

காஸ்: எப்படி?

மார்லீன்: நான் கேட்டேன். பிரிஞ்ச முதல் வருஷமே. கவுண்டர்ல இருந்த பொண்ணு, உங்க வீட்டுக்காரர் வந்து கேக்கவே இல்லையேன்னா. அப்பவே எனக்கு ஒரு இடம் கொடுத்துட்டா. எதிர்ப்பக்கம், கூரைக்குக் கீழ, ஒரு சொட்டு மழை படாது.

காஸ்: அப்ப நீ ஏன்...

மார்லீன்: போய் உக்காந்தேன். பக்கத்துல ஒரு பெரியவரு, ஆட்டம் பூரா பந்தையே பாத்துட்டிருந்தாரு. முன்வரிசைய ஒரு கண்ணுகூடப் பாக்கல. நான் யாருகிட்ட திட்டறது? பாதியில எழுந்து இந்தப் பக்கம் வந்துட்டேன். பாலத்துல டிராஃபிக்குன்னு உன்கிட்ட சொன்னேன், நீ நம்பிட்ட. மறுநாளே அந்த சீட்டத் திருப்பிக் கொடுத்தாச்சு.

காஸ்: லாயிட்டு?

மார்லீன்: அவருகிட்ட போன வாரமே வரலைன்னு சொல்லிட்டேன். நீ இப்பவாவது எழுந்து குறுக்க நிக்கறியான்னு பாக்கத்தான் அந்தப் பேச்ச எடுத்தேன்.